பட்டியலில் விடுபட்ட ஆஷ்லிக் மாவட்டம்

தீயணைப்பு வண்டிகளை வெயிலில் நிறுத்திவிட்டு, இந்தக் கொட்டகையை நமக்காகத் திறந்து, தலைமையும் ஏற்றிருக்கும் டெல்மர் சைஸ்மோர் அவர்களே! வெள்ளத்தில் வீட்டை இழந்தும் வீராப்பை இழக்காத பெரியோர்களே! சோளரொட்டி சுட்டு வைத்துவிட்டு, ‘சீக்கிரம் முடி வெர்னா, ஆறிப்போகுது’ என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா டாக்கெட்டின் வணக்கம்.

ஆளுநர் பேரிடர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நிவாரணப் பணம் பெறப்போகும் ஒன்பது மாவட்டங்களின் பெயர் அதில் இருக்கிறது. நம் ஆஷ்லிக்கின் பெயர் இல்லை! ஏன் இல்லை? இங்கே மழை பெய்யவில்லையா? ஓடை பொங்கவில்லையா? பாலம் போகவில்லையா?

போனது! எல்லாம் போனது! ஆனால் நாம் என்ன செய்தோம்? தண்ணீர் வடிந்த மறுநாளே மண்வெட்டியைத் தூக்கினோம். தேவாலயத்தைக் கழுவினோம், பள்ளியைக் கழுவினோம், யார் வீடு என்று கேட்காமல் கழுவினோம். பழைய மின்கம்பங்களைப் போட்டு மூன்றே நாளில் நடைபாலமும் கட்டினோம். எட்டாம் நாள் வந்தார் ஐயா, சேத ஆய்வாளர்! ஓமா ரிச்சி அக்காவின் வாசலில் நின்று கேட்டார்.

“சேதம் எங்கம்மா?”

“கழுவிட்டோமே தம்பி!”

“படம் கிடம் எடுத்து வச்சீங்களா?”

“சேறும் சகதியுமா வீடு கிடக்குறதை எவளாச்சும் படம் எடுப்பாளா? மானம் போயிடாது? நீ உள்ள வந்து ஆப்பிள் பை சாப்பிடு, இப்பதான் சுட்டேன்.”

சிரிக்காதீர்கள்! ஆப்பிள் பை இரண்டு துண்டு தின்றுவிட்டு, ‘சேதம் குறைவு, பாலம் பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பாலமாம் பாலம்! அதில் ஆள் நடக்கலாம், ஆம்புலன்ஸ் ஏறுமா? ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் பர்ல் அண்ணன் வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போயாக வேண்டும். நான்கு பேர் அவரைச் சமையலறை நாற்காலியில் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பங்களின் மேல் நடக்கிறார்கள். போன செவ்வாய் ஒருவன் கால் வழுக்கியது. அண்ணன் ஓடைக்கு மேலே தொங்கிக்கொண்டே, “டேய், என்னைப் போட்டாலும் பரவாயில்ல, நாற்காலியைப் போட்டுடாதீங்க, வீட்டுக்காரி கொன்னுடுவா” என்றார். கரை சேர்ந்ததும் அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த மழைக்கு அந்தக் கம்பங்கள் நிற்காது. அன்றைக்கு அவர் உயிருக்கு யார் பொறுப்பு?

ஆளுநரே! நெருக்கடி அதிகாரம் உங்கள் கையில். ஒரே கையெழுத்தில் சாலையை மூடுகிறீர்கள், படையை இறக்குகிறீர்கள், சட்ட விதிகளையே நிறுத்தி வைக்கிறீர்கள். அந்தக் கைக்கு ஆஷ்லிக் என்று எழுத மட்டும் சுளுக்கா? அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் பேரிடர், எழுந்து நின்றால் ஒன்றுமில்லையா? உழைத்தது குற்றமா? ஒருவருக்கொருவர் உதவியது குற்றமா?

என்ன அண்ணே? ‘நடைபாலத்தை உடைச்சுக் காட்டுவோமா’ என்கிறீர்களா? கூடாது! பொய் நமக்கு வேண்டாம். நம்மிடம் உண்மையே மலைபோல் குவிந்து கிடக்கிறது. வீடு வீடாக நாம் வாரிய சேறு எங்கே? பந்து மைதானத்துக்குப் பின்னால்! ஊறிய மெத்தை, உடைந்த தொட்டில், பாலத்தின் பலகை எல்லாம் அங்கேதான்!

வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்களாம். வியாழன் காலை ஆறு மணிக்கு அத்தனையையும் நம் வண்டிகளில் ஏற்றுகிறோம். தலைநகரில், ஆளுநர் மாளிகை வாசலில், வரிசையாக நிறுத்துகிறோம். சேதம் எங்கே என்று கேட்டீர்களே ஐயா, இதோ, வந்து பாருங்கள்! பர்ல் அண்ணனும் முன்வண்டியில் வருகிறார். அவர் முகத்தைப் பார்த்து ‘சேதம் குறைவு’ என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

யாரது, ‘அங்க சேறு சிந்தினா துடைப்பம் கொண்டாரவா’ என்பது? ஓமா அக்கா, உன்னைத்தான்! பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். ஆனால் ஆளுநர் கையெழுத்துப் போடும்வரை ஆஷ்லிக்காரர் எவரும் எதையும் துடைக்கக் கூடாது!