மேல்தட்டு மருந்து

வலது தோள்பட்டை பத்து நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஐயா. கையை மேசைமேல் வைத்து எழுதினால் கழுத்துவரை இழுக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். வேறு நடுக்கம் எதுவும் இல்லை.

நேற்று சாப்பாட்டு வேளையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினீர்கள். கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பெட்டி சுமக்கிறேன். உங்கள் அறை நாற்காலியில் உட்கார்ந்தது நேற்றுத்தான். சரக்குக் கணக்குப் பார்க்கிறவர், நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் நின்றார். பிராணி மருந்து அலமாரியில் பெரிய நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்துக் குழாய் ஒன்று குறைகிறது, பூனைக்கானது ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று படித்தார். நீங்கள் சிரித்தீர்கள்.

"வயசாகுதுல்ல, கை மாறியிருக்கும். கவனக்குறைவுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மூடிடலாம்."

நல்ல மனசோடு சொன்னீர்கள். ஆனால் அந்த வார்த்தையை நான் எழுத முடியாது. இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு பெட்டிகூடத் தட்டு மாறி ஏறியதில்லை. அம்புக்குறி கீழே பார்க்க ஒரு பெட்டியை நான் வைத்ததில்லை. கவனம் ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சொத்து. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தங்கை. அம்மா போன பிறகு ஒன்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குச் செய்துவைத்தது இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. கால் வீங்கித்தான் வீட்டுக்கு வருவாள். வந்ததும் சமைப்பாள், என் துணிகளை அலசிப் போடுவாள், எனக்குத் தோளில் தைலம் தேய்ப்பாள். அவள் கட்டைவிரல் எங்கே அழுத்த வேண்டும் என்று அதற்கே தெரியும். வேறு யார் தேய்த்தாலும் எனக்குக் கேட்காது.

அவளிடம் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. சலவைக்கூடத்துக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய்க்கு அடியில் கிடந்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தாள். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிறதாம். அவள் பாத்திரம் துலக்கினால் அது திண்டில் உட்கார்ந்து பார்க்கும். "பாருங்க மேஸ்திரி, கரி போயிடுச்சா, இல்ல இன்னொரு தடவ தேய்க்கட்டுமா?" என்று கேட்பாள். நான் வீட்டில் இருக்கும்போதுகூட அதனுடன்தான் அவள் அதிகம் பேசினாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன மாதம் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அங்கேயும் சலவைக்கூடம்தான். ஆனால் இஸ்திரி கிடையாது, துணி எண்ணி வாங்கி எழுதுகிற வேலை. கடிதத்தை என்னிடம் காட்டினாள்.

"அங்க எனக்கு நாற்காலி இருக்காம் அண்ணே. உக்காந்தே வேலை."

"நல்லதும்மா," என்றேன்.

போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் வழியில் நான் ஒரு துரும்பைக்கூடப் போடவில்லை. அறை பார்த்ததும் அவள்தான், முன்பணம் அனுப்பியதும் அவள்தான். வீட்டுக்காரம்மா தொலைபேசியில் பேசியதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "பூனை வரட்டும்மா, தெள்ளு வரக் கூடாது. எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு. மருந்து போட்டுக் கூட்டிட்டு வாங்க."

மேஸ்திரிக்குத் தெள்ளு இருந்தது. அவள் கணுக்காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கடி. அவளே இரண்டு முறை மருந்து வாங்கி வந்து முயன்றாள். முதல் முறை அது அலமாரி உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் முறை மருந்து பூனைமேல் படாமல் அவள் ரவிக்கையில் போயிற்று. முழங்கைவரை கீறிவிட்டது. கையில் பஞ்சு வைத்துக்கொண்டு அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்:

"மேஸ்திரி இன்னைக்கு லீவு சொல்லிட்டாரு. நீங்க பிடிச்சுக்கிட்டாத்தான் ஆகும் அண்ணே. உங்க பிடியிலேர்ந்து தப்பிச்சு எங்க போகும்? கிடங்குலேர்ந்து ஒரு டப்பா கொண்டு வாங்களேன்."

உதவி கேட்டவள் அவள். நான் தேடிப் போகவில்லை.

நசுங்கின பெட்டிகளை நோட்டில் எழுதிவிட்டு நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது கிடங்கில் வழக்கம். வியாழக்கிழமை நோட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன்: பூனைத் தெள்ளு மருந்து, நசுங்கிய பெட்டி, ஒன்று. எடுத்துப் பாருங்கள். அதில் பொய் இல்லை. பெட்டி பூனை மருந்துப் பெட்டிதான்.

அந்த அலமாரிக்குமேல் கண்ணாடி ஒரு பலகை மாட்டியிருக்கிறார். நாய் மருந்து மேல்தட்டு, பூனை மருந்து கீழ்த்தட்டு, கலக்கக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களை அதன்கீழ் நிறுத்தி அவர் பாடம் எடுப்பார். "நாய்க்கு அது மருந்து, பூனைக்கு அது எமன். ஒரு குழாய் போதும், உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், ஒரு நாள்ல முடிஞ்சிடும். கையில சிந்துனா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்கய்யா, வீட்ல பூனை இருக்கும்." ஏழு வருஷமாக இதே பேச்சு. சோப்பு என்று அவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு குழாயும் வெள்ளைதான். நாய்க் குழாய் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான் வித்தியாசம். அடியில் பொடி எழுத்தில் நாய் என்றும் எடை எவ்வளவு என்றும் அச்சிட்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். மேல்தட்டுக் குழாய் ஒன்றை எடுத்துக் கை கழுவும் இடத்தில் நின்று சுரண்டினேன். பத்து நிமிஷம் ஆயிற்று, அவசரப்படவில்லை. அதை நசுங்கின பெட்டிக்குள் போட்டு, அதிலிருந்த பூனைக் குழாயை அதற்குரிய கீழ்த்தட்டிலேயே வைத்தேன். கூடுதலாக இருப்பது அதுதான். ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்காமல் எனக்கு நகரத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். அவளுடைய பச்சைத் துண்டை விரித்து மேஸ்திரியை நான் சுற்றிப் பிடித்தேன். நான்கு காலும் உள்ளே, தலை மட்டும் வெளியே. அது கத்தியது, துண்டுக்குள் உதைத்தது. கண்ணாடிச் சாமான் பெட்டியை எப்படிப் பிடிப்பேனோ அப்படித்தான் பிடித்தேன். இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

தங்கை கவனமானவள். பெட்டியில் இருந்ததை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தாள். பூனையின் எடையைப் படித்தாள், வயதைப் படித்தாள், இரண்டு நாளைக்கு நனைக்கக் கூடாது என்பதைப் படித்தாள். குழாயைப் பார்த்து, "கொஞ்சம் பெருசா இருக்கே அண்ணே," என்றாள்.

"புதுசா வந்தது அப்படித்தாம்மா இருக்கு."

அவள் நம்பினாள். மருந்து என்றால் என்னைவிட யாருக்குத் தெரியும். கழுத்துக்குப் பின்னால் முடியை இரண்டு விரலால் விலக்கி, தோல் தெரிகிற இடத்தில் குழாயைக் கடைசிவரை பிழிந்தாள். "அவ்வளவுதான் மேஸ்திரி, முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு," என்று அதன் நெற்றியில் முத்தம் வைத்தாள். நான் போடவில்லை, ஐயா. அவள் கையால்தான் போட்டாள். நான் பிடித்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு அதன் காது துடித்தது. மத்தியானம் பின்கால்கள் நிற்கவில்லை. வாயில் நுரை. உடம்பு முழுக்க மின்சாரம் பட்டதுபோல் உதறியது. கண்ணாடி சொன்னதில் ஒன்றும் மிகை இல்லை. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு, "கழுவிடலாமா அண்ணே, சோப்புப் போட்டுக் கழுவிடலாமா?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகக் கேட்டாள். நான் பெட்டியை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். இரண்டு நாளைக்கு நனைக்கக் கூடாது. அச்சில் இருப்பதைத்தான் காட்டினேன்.

அப்புறம் நான்தான் பூனையைத் துண்டோடு தூக்கிக்கொண்டு மருத்துவர் வீட்டுக்கு ஓடினேன். தோள் அன்றைக்குப் பிடித்ததுதான். இன்னும் விடவில்லை. மருத்துவரம்மா தொட்டுப் பார்த்ததும் கேட்டார்:

"நாய் மருந்து எதாவது போட்டீங்களா? மறைக்காம சொல்லுங்க, இப்போ சொன்னாலும் பாக்கலாம்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை நீட்டினேன். "பூனை மருந்துதாங்க." காலிக் குழாய் என் சட்டைப்பையில் இருந்தது. மருத்துவரம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து சரிதான், சில உடம்புக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது, அளவு கூடியிருக்கலாம் என்றார். உதறல் நிற்க ஊசி போட்டார். நாலரைக்கு உயிர் அடங்கிவிட்டது.

அளவு கூடியிருக்கலாம் என்ற பேச்சை அவள் பிடித்துக்கொண்டாள். "கடைசிவரைக்கும் பிழிஞ்சேனே அண்ணே. பாதியோட விட்டிருக்கலாம்ல. பெருசா இருக்குன்னு என் வாயாலயே சொன்னேனே." வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அழாதேம்மா, யாருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். பின்கட்டில் குழி தோண்டியதும் நான்தான், அந்தத் தோளோடு.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் கேட்கவே இல்லை. "ஒரு பூனையை ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல, நான் போய் என்னத்த எண்ணி எழுதப் போறேன். எதையும் நம்பி என் கையில குடுக்கக் கூடாது," என்று அவளே சொன்னாள். மறுபடி இஸ்திரி மேசைக்குப் போகிறாள். பாத்திரம் துலக்கும்போது இப்போது பேச்சு இல்லை. ஆனால் மாலையில் தைலம் தேய்க்கிறாள். முன்பைவிட நேரம் எடுத்துத் தேய்க்கிறாள். "எனக்காகத் தூக்கிட்டு ஓடித்தானே இப்படி ஆச்சு. இந்தக் கடனை நான் எப்படி அடைப்பேன்?" என்கிறாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்கிறேன்.

அவள் இங்கே இருப்பதுதான் அவளுக்கு நல்லது. தெரியாத ஊரில் தனியாக, பேச்சுத்துணைக்கு ஒரு பூனையை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள் இருக்க முடியும். நான் பார்த்துக்கொள்கிற மாதிரி வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே ஐயா, கவனக்குறைவு என்று எங்கேயும் எழுத வேண்டாம். பெட்டி சரி, குழாய் சரி, தட்டு சரி, நாள் சரி. தெரிந்து எடுத்தேன், தெரிந்து சுரண்டினேன், தெரிந்து பிடித்துக்கொண்டேன். வேலையைவிட்டு நிறுத்துவதானால் நிறுத்துங்கள். ஆனால் கை மாறிவிட்டது என்று சொல்லி நிறுத்தாதீர்கள். இந்தத் தாளைத் தங்கை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவள் அழுவதை என்னால் பார்க்க முடியாது.

கிடங்குக்கு நான் தர வேண்டியது ஒரு நாய் மருந்துக் குழாய். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு நான் தர வேண்டியது ஒரே ஒரு பேச்சு: அது உன் கை இல்லைம்மா, என் கை. அது இன்னும் பாக்கி.