தொண்ணூற்றொன்பது காட்டிய மீட்டர்

என் பெயர் நளினி, வயது 48, தந்தை பெயர் காலஞ்சென்ற அழகையா, திருமணமாகாதவள், போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் மாடிப் பகுதி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியராக இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காவல் நிலையத்தில் இந்தியில் நான் கொடுத்த வாக்குமூலம் இந்த வழக்கில் இருக்கிறது. அதில் எழுதியவர் பிழை எதுவும் செய்யவில்லை, பிழை என்னுடையது என்பதால், நீதிமன்ற அனுமதி பெற்று இதை என் தாய்மொழியில் சொல்கிறேன். யாருடைய தூண்டுதலாலும் சொல்லவில்லை. இதற்காக யாரும் என்னை வந்து பார்க்கவில்லை. பொதுவாகவும் யாரும் வருவதில்லை.

இறந்துபோன பிரவீன்குமார், வயது 36, அதே வீட்டின் கீழ்ப் பகுதியில் மனைவி ராஜகுமாரியுடன் நான்கு வருடங்களாகக் குடியிருந்தார். தெருவைப் பார்த்த ஷட்டர் அறையில் மூன்று ஃப்ரீசர் வைத்து ஹோட்டல்களுக்கு மீன் கொடுத்துவந்தார். ராஜகுமாரி கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய சமையலறை பக்கவாட்டில் தனியாக, தகரக் கூரையுடன் இருக்கிறது. கரண்ட் போகும்போது பிரவீன்குமார் பெட்ரோல் ஜெனரேட்டரைப் பின்புறத் திறந்த வெளியில் ஒரு ஷீட்டுக்கு அடியில் வைத்து ஓட்டுவது வழக்கம்.

சென்ற மாதம் பதினொன்றாம் தேதி புயல் மழை. சாத்தம் துறையிலிருந்து போகும் படகுகள் நிறுத்தப்பட்டு, கல்லூரிக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது, அதன் பிறகு காற்றில் பின்புற ஷீட் பறந்து விழுந்தது, அதன் பிறகு ஒன்பது மணி அளவில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மற்ற நாட்களில் அந்தச் சத்தம் எனக்கு ஜன்னல் வழியாக வரும். அன்று தரை வழியாக, காலுக்கு அடியிலிருந்து வந்தது. கவனித்தேன், எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மழை ஃப்ரீசர் அறைக்குள் அடித்ததால் பன்னிரண்டரை மணிக்கு ஷட்டரை இறக்கும் சத்தமும் கேட்டது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கும் லேசாகத் தலை வலித்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இரண்டேகால் மணிக்கு ராஜகுமாரி மாடிப்படியில் பாதி வரை வந்து கூப்பிட்டார். “மேடம், இவருக்கு சக்கர் வருதுங்குறாரு, தல சுத்துதாம், ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாரு, நீங்க கொஞ்சம் பாக்குறீங்களா?” அவர் பின்னாலேயே பிரவீன்குமாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து என் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். அது என் அம்மாவின் நாற்காலி. அம்மா இறந்த இந்த நான்கு வருடங்களில் அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஒரு மணிக்கு ஃப்ரீசர் அறையிலேயே இறால் குழம்பும் சோறும் சாப்பிட்டதாகவும், தலை வெடிப்பதுபோல இருப்பதாகவும் அவர் சொன்னார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது.

என்னிடம் விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்க்கும் மீட்டர் ஒன்று உண்டு. கொரோனா சமயத்தில் அம்மாவுக்காக வாங்கியது. அம்மா போன பிறகு தினமும் மாலையில் என் விரலிலேயே மாட்டிப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதை அவர் விரலில் மாட்டினேன். நாடித் துடிப்பு 112, ஆக்ஸிஜன் 99. எண்ணை அவரிடம் காட்டினேன்.

“பாத்தியா ராஜி, மேடம் எனக்குத் தொண்ணூத்தொம்போது போட்டுட்டாங்க. பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சத் தாண்டுனதில்ல நானு” என்றார்.

“வாயி மட்டும் கொறையாது” என்றார் ராஜகுமாரி.

மூச்சில் கோளாறு இல்லை, இறால் ஒத்துக்கொண்டிருக்காது என்று நான் சொன்னேன். வாந்தி மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதி ராஜகுமாரியிடம் கொடுத்து, வாங்கிவரச் சொல்லி அனுப்பியதும் நான்தான். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பிரவீன்குமார், “மேடம், இங்க காத்து நல்லா இருக்கு. ஒரு பத்து நிமிஷம் இப்படியே உக்காந்துக்கவா?” என்று கேட்டார். வீட்டில் இன்னொருவர் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. தாள்களும் பாதியில் கிடந்தன. கீழே போய்ப் படுங்கள், அதுதான் நல்லது என்று சொன்னேன். அவர் எழுந்து, நாற்காலியை முன்பிருந்த இடத்தில் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போனார். மணி இரண்டரை.

மூன்றரை மணிக்கு ராஜகுமாரியின் அலறல் கேட்டுக் கீழே ஓடினேன். பக்கத்துக் கடைகள் மூடியிருந்ததால் விமான நிலையச் சாலை வரை நடந்து போய் மாத்திரை வாங்கிவந்திருந்தார். பிரவீன்குமார் ஃப்ரீசர் பக்கத்துக் கட்டிலில் அசைவில்லாமல் கிடந்தார். ஜெனரேட்டர் உள்ளே, அறையின் பின் வாசலை அடைத்தாற்போல நின்றிருந்தது, பெட்ரோல் தீர்ந்து அணைந்திருந்தது. எதிர்வீட்டு உதயசூரியன் ஷட்டரை முழுவதும் தூக்கினார், அதன் பிறகு கட்டிலை வெளியே கொண்டுவர வழி வேண்டும் என்று ஜெனரேட்டரைப் பின்புறம் தள்ளிவிட்டார். ஐந்து மணிக்குக் காவலர்கள் வந்தபோது அது வழக்கமான இடத்தில், மழையில் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் நிலையத்தில், இறந்தவருக்கு மூச்சுத் தொடர்பான பிரச்சினை இல்லை, ஆக்ஸிஜன் 99 இருந்தது, சாப்பாட்டினால்தான் இருக்கும், இதை உறுதியாகச் சொல்ல முடியும் என்று சொன்னேன். சாப்பாடு கொடுத்தவர், கொடுத்த பின் வெளியே போனவர் என்று ராஜகுமாரி மீது பிரவீன்குமாரின் அக்கா வைஜெயந்தி விஷப் புகார் கொடுத்தார். பதினைந்தாம் தேதி ராஜகுமாரியை ஜீப்பில் ஏற்றும்போது அவர் வராந்தாவில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, “மேடம், நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க மேடம்” என்றார். பார்த்ததைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். அன்று மாலையே வைஜெயந்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கச்சால்காரி வேணாம்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டோம் மேடம். படிச்சவங்க நீங்க, உங்க வார்த்ததான் எங்களுக்கு பலம்” என்றார்.

இருபத்தைந்தாம் தேதி, புயலன்று பாதியில் விட்ட விடைத்தாள்களை எடுத்தேன். சுவாசம் பற்றிய பாடத்தின் உள்தேர்வு அது. பானு என்ற மாணவி, கார்பன் மோனாக்சைடு சேர்ந்த இரத்தமும் நல்ல சிவப்பாகவே இருக்கும், அதனால் பார்ப்பவர் ஏமாறுவார் என்று எழுதியிருந்தாள். பழக்கத்தில் சரி என்று குறியிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதன் பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தேன்.

நீதிமன்றம் கேட்டதால் விளக்குகிறேன். நுரையீரலின் கடைசியில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவரும் அதை ஒட்டிய இரத்தக் குழாயின் சுவரும் சேர்ந்தாலும் ஒரு தாளைவிடப் பலமடங்கு மெல்லியவை. அதைத் தாண்டி ஆக்ஸிஜன் இரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. அந்தச் சுவருக்கு யாரையும் தடுக்கத் தெரியாது. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் போகும், போய் இரத்தத்தில் ஆக்ஸிஜனுக்குரிய இடங்களில் உட்கார்ந்துகொள்ளும், ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். மீட்டர் விரலுக்குள் ஒளியைச் செலுத்தி நிறத்தை வைத்துக் கணக்கிடுகிறது. சாத்தம் படகில் இருக்கை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான். உட்கார்ந்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. இதை நான் சும்மா நம்பவில்லை. மீட்டரின் அட்டைப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்தேன். உள்ளே மடித்த சீட்டில், புகை நச்சு ஏறியவரிடம் இந்த அளவீடு தவறாகலாம் என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சீட்டை நான் பிரித்ததே இல்லை.

உடலில் இருந்த சிவப்பு நிறத்தைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் குறித்திருக்கிறார் என்றும், பிணவறை ஃப்ரீசர் குளிரிலும் அந்த நிறம் வரும் என்பதாலும் என் வாக்குமூலத்தாலும் அதை மேற்கொண்டு பார்க்கவில்லை என்றும் விசாரணை அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். எடுத்த இரத்தம் மருத்துவமனையில் இன்னும் இருக்கிறது. அதில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்க உத்தரவிட வேண்டும். இத்தனை நாள் கழித்தும் அது தெரியும். ஜெனரேட்டர் நின்ற இடத்தை உதயசூரியனிடம் விசாரிக்க வேண்டும். ராஜகுமாரி பதினாறு நாட்களாகக் காவலில் இருக்கிறார்.

கேள்வி: மீட்டர் குறைவாகக் காட்டியிருந்தால் அவரை உட்காரவைத்திருப்பீர்களா?

பதில்: ஆம்.

கேள்வி: மீட்டரே இல்லாமல் இருந்திருந்தால்?

பதில்: அவர் கேட்டது பத்து நிமிடம். கொடுத்திருப்பேனா என்று தெரியவில்லை.

கீழ்ப் பகுதி பூட்டியிருக்கிறது. கொடியில் நனைந்து கிடந்த துணிகளை, அவருடைய இரண்டு சட்டை, ராஜகுமாரியின் ஒரு நைட்டி, எடுத்து உலர்த்தி மடித்து அந்த நாற்காலியில் வைத்திருக்கிறேன். ராஜகுமாரி வரும்போது வாங்கிக்கொள்ளலாம். மீட்டரையும் சீட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். மீட்டர் எனக்குத் திரும்ப வேண்டாம்.

இதில் சொன்னவற்றை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை. முதல் வாக்குமூலத்தில் இருந்த 99 என்ற எண்ணும் உண்மை. உறுதியாக என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

(ஒப்பம்)
அ. நளினி