முதல் பக்கத்துச் சொல்

ஆர்த்திகா: அப்பா, அந்தக் கொப்பியை ஒருக்கா மூடுங்கோ. நான் ஒண்டு சொல்ல வேணும்...

அருளம்பலம்: பொறு பிள்ளை. இது சரியா வருதோ பார். ட்ரீஹ்.

ஆர்த்திகா: ஐயோ! என்ரை கலியாணத்துக்கு முன்னம் ரண்டு பக்கத்து அப்பாமாரும் இஞ்சை லொங்குய்யிலை ஒருநேரம் சாப்பிட இவ்வளவு பாடமோ? பின்லேயின்ரை அப்பாவுக்கு இங்கிலீசும் தெரியும்.

அருளம்பலம்: போனிலை அவர் கதைச்சது இங்கிலீசோ? அசல் ஸ்கொட்ஸ், ஸ்கொட்லாந்துக்காரற்றை பாஷை. நான் பாதிக்கு ஓம் ஓம் எண்டிட்டு, பேந்து கொப்பியிலை எழுதித் தேடினனான்.

ஆர்த்திகா: கோடு கீறி நாலு நிரல் வேறை... சொல், வேறை எழுத்து, சத்தம், கருத்து!

அருளம்பலம்: ட்ரீஹுக்கு எழுத்து மூண்டு விதம். எப்பிடி எழுதினாலும் மழைமூட்டந்தான். வெளியிலை பார், அதேதான்.

ஆர்த்திகா: அந்தக் கடைசிச் சத்தம் என்ரை வாயிலை வரவே வராது. உங்களுக்கு எப்பிடி?

அருளம்பலம்: 'மகள்' எண்டு சொல்லிப் பார். நடுவிலை வாறது கிட்டத்தட்ட அதுதான். எனக்கு உன்னைக் கூப்பிட்டே பழக்கம்.

ஆர்த்திகா: ...கதையை மாத்தாதேங்கோ. கலியாணம் முடிய நாங்கள்...

அருளம்பலம்: 'பேர்ன்' எண்டால்?

ஆர்த்திகா: பிள்ளை. பின்லே சொல்லுறவன்.

அருளம்பலம்: 'கிரீட்'?

ஆர்த்திகா: வணக்கம் சொல்லுறது.

அருளம்பலம்: அது இங்கிலீசிலை. ஸ்கொட்ஸிலை, அழுகிறது.

ஆர்த்திகா: சரி வாத்தியார், இப்ப என்னை விடுங்கோ. பின்லேக்கு ஸ்கொட்லாந்திலை, அபர்டீனிலை வேலை கிடைச்சிட்டுது. நானும் போறன். எத்தினை நாளாச் சொல்லப் பயந்துகொண்டு... அம்மாவும் இல்லை, உங்களைத் தனிய விட்டிட்டு...

அருளம்பலம்: முதல் பக்கத்தைப் பிரட்டு.

ஆர்த்திகா: 'பிளிட். வீடு மாறிப் போறது.' ...செப்டம்பர் பன்னிரண்டு எண்டு திகதி போட்டிருக்கு! ரண்டு மாசமாத் தெரியுமோ? பின்லேயின்ரை அப்பா போனிலை சொல்லிப்போட்டாரோ?

அருளம்பலம்: அதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னனான். கருத்துப் பார்த்தது பேந்து.

ஆர்த்திகா: தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கேல்லையே அப்பா... போறவள் நான். நீங்கள் ஏன் மிச்சச் சொல்லெல்லாம் பாடமாக்கினியள்?

அருளம்பலம்: நீ சின்னனிலை கார்தெரி எண்ட பிள்ளைக் காப்பகத்தாலை வந்து பிரெஞ்சிலை சொல்லிச் சொல்லி அழுவாய். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. சும்மா ஓம் ஓம் எண்டு தூக்கி வைச்சிருந்தன். அங்கை பிறக்கிற உன்ரை பிள்ளை அழேக்கை எனக்கு விளங்க வேணும், மகள்.