கருணாகரன் வரும் சனிக்கிழமை

— வேணாம் பாக்கியம், கருணாகரனுக்குப் போன் போடாத. கம்ப்யூட்டர்ல வர்ற விளம்பரத்தை இன்னிக்கு நானே எடுத்துடறேன்.

— நீங்களா? மௌஸைப் பிடிச்சா கரப்பானைப் பிடிச்ச மாதிரி பிடிப்பீங்க.

— சிரிக்காத. நம்ம பிள்ளை ஜெயா கோலாலம்பூர்லேர்ந்து அனுப்பற ஈமெயிலைத் திறக்க முடியல. திறந்தா உடம்பு இளைக்கிற மாத்திரை, மூடுனா லக்கி டிரா. மூணு மாசமா இதே விளம்பரம். சனிக்கிழமை அவன் வந்து அதை அழிச்சுட்டுப் போறான். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மாத்திரை.

— பாவம், பத்து பெரெண்டாம் ஊர்லேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வருது அந்தத் தம்பி.

— தம்பியா? நாப்பத்தஞ்சு வயசு. பொண்டாட்டி போயி ரெண்டு வருஷம். இப்பதான் தலைக்கு மை அடிக்க ஆரம்பிச்சிருக்கான். காஜா பெராங் முழுக்க நம்ம வீட்டுல மட்டும்தான் கம்ப்யூட்டர் இருக்கா?

— நல்லையா அண்ணன் வீடுன்னா ஓடி வரும். உங்க மேல அவ்வளவு மரியாதை லா.

— மரியாதை என் மேல, சூடா பொரிச்ச கரிபாப் அவனுக்கு. எனக்கு மத்தியானம் வச்ச ரசம்.

— கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.

— அவன் கேட்டானா? சரி, இங்க பாரு. ஏத்துன புரோகிராம் எல்லாம் வரிசையா நிக்குது. இதை அழிக்கட்டுமா?

— ஐயோ, அது பிரிண்டரோடது! கீழ, நமக்குத் தெரியாத பேரு ரெண்டு இருக்கு பாருங்க. அதைத்தான் அழிக்கணும். முதல்ல இன்டர்நெட் வயரைக் கழட்டுங்க. இல்லைன்னா நீங்க அழிக்க அழிக்க அது திரும்ப இறங்கிடும்.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— கருணாகரன்தான்.

— வேற என்னா சொல்லிக் குடுத்தான்?

— சும்மா கிடைக்குதுன்னு எதையாச்சும் ஏத்தறப்போ, படிக்காம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போகக் கூடாதாம். நடுவுல அவங்களே ஒரு டிக் போட்டு வச்சிருப்பாங்க. அதை எடுத்துட்டா விளம்பரம் கூடவே ஏறாது.

— அப்போ உனக்கு விவரம் தெரியுது. நான் எதையும் ஏத்தறதே இல்ல. பின்ன யாரு ஏத்தறா? அவன்தான் பாக்கியம். எடுக்கற மாதிரி எடுத்துட்டு, திரும்ப வர்றதுக்கு ஒரு வழி வச்சிட்டுப் போறான்.

— வாய் கூசாம பேசாதீங்க.

— அவனைச் சொன்னா உனக்கு ஏன் சுடுது?

— யாரைச் சொன்னாலும் சுடும்.

— இரு. ஒண்ணு போச்சு. இன்னொண்ணு என்னா இது, கொடி பறக்கற படம்? மெர்டேக்கா சுதந்திர நாள் அம்பதாவது வருஷத்துக்கு இலவசமாம். இதோடதான் அந்தச் சனியன் ஏறியிருக்கு. பக்கத்துல தேதி போட்டிருக்கு. ஆகஸ்ட் பதினேழு.

— தேதி எதுக்கு, அதையும் அழிச்சிடுங்க.

— பதினேழு நேத்து. வெள்ளிக்கிழமை. நான் ஃபேக்டரியில இருந்தேன். நேத்து அவன் இங்க வந்தானா?

— வரல.

— ஜெயா மேல சத்தியமா?

— பிள்ளையை ஏன் இழுக்கறீங்க? போன சனிக்கிழமை நீங்க இருந்தப்ப வந்ததுதான்.

— அப்போ இது தானா ஏறுச்சா? வாயைத் திற பாக்கியம். நான் இல்லாத நேரம் பார்த்து...

— நிறுத்துங்க. நான்தான் ஏத்துனேன்.

— நீயா?

— நேத்து மட்டுமில்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். டிக் இருக்கறது தெரிஞ்சுதான் விட்டேன்.

— அவன் வரணும்னு செஞ்ச.

— ஆமா.

— என்கிட்டயே சொல்ற.

— முன்னெல்லாம் சனிக்கிழமை விடிஞ்சா உஜோங் பாசிர்ல சீட்டாடப் போய்டுவீங்க. அவன் வர ஆரம்பிச்ச பிறகுதான், இந்த நாற்காலியில உக்காந்து, நாள் முழுக்க என் மூஞ்சியப் பாக்கறீங்க.