ஐந்தாம் வார்த்தை

"எழுதிக் கொண்டு வான்னுதானே சொல்றேன். அதுல என்ன உனக்கு..."

"நெஞ்சுல இருக்குக்கா. அதைப் போய்த் தாள்ல..."

"நெஞ்சுல எல்லாருக்கும்தான் இருக்கு. தாள்ல இருந்தாத்தான் நேரத்துக்கு முடியும்."

"அப்போ கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே அழச் சொல்றீங்களா?"

சபைக் கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். போதகரின் மனைவிகூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

சிரிப்பு அடங்கியதும், அதுவரை என்னோடு வாதாடிய தையல்காரி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்."

"எல்லார் முன்னாடியும்தானே பேசினே? அதையும் இங்கேயே சொல்லு," என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "அப்புறம் சொல்றேன்க்கா," என்று போய்விட்டாள். அது செவ்வாய்க்கிழமை.

நீங்கள் சபைக்கு வராதவர் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். எங்களுடையது சின்ன சபை. நாற்பது குடும்பம்கூடத் தேறாது. லெந்து என்று நாங்கள் சொல்லும், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்களில் வாரம் ஒரு மாலை கூடி, யாராவது ஒருவர் தியானம் சொல்வார். அதன் முடிவில் பெரிய வெள்ளி. அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவோம். ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. இருபத்தாறு வருடமாக அதைப் பேசியவள் நான்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்பதால் என் தியானங்களுக்கு ஒழுங்கு உண்டு. மூன்று முறை எழுதிப் பார்ப்பேன். நான்காவது முறைதான் நோட்டில் ஏறும். பதினொரு நிமிடம், கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

தையல்காரி வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. கழுத்தில் நூல்கண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் எழுந்து நிற்பாள். ஒரு சட்டையைப் பிரித்துத் தைத்த கதை சொல்வாள். அவ்வளவுதான். முன்வரிசை மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். நான் நான்கு முறை எழுதியதற்கு யாரும் ஒருநாளும் மூக்கை உறிஞ்சியதில்லை.

அவளுடைய பந்தா ஒன்றா இரண்டா? வேதம் வாசிக்கக் கூப்பிட்டால், "கண்ணாடியை மறந்துட்டேனே, நீங்க வாசிங்க," என்பாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் கண்ணாடி வேண்டாம். அளவெடுத்தால் எழுதிவைக்க மாட்டாள். நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்தத் துணியிலேயே குத்திவைப்பாள். கேட்டால், "இதுதான்க்கா என் நோட்டு," என்று சிரிப்பாள். என் நோட்டைத்தான் கேலி செய்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த வருடம் போதகர் ஐந்தாம் வார்த்தையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். "டீச்சரக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல," என்றார். நான் ஓய்வு கேட்கவில்லை.

புதன்கிழமை காலை நான் அவள் வீட்டுக்குப் போனது சண்டை போட இல்லை. பேசுவதை முன்கூட்டி எழுதித் தரும்படி தன்மையாக இன்னொரு முறை கேட்கத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தையல் மெஷினுக்குக் கீழே தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை துணிமூட்டை மாதிரி கிடந்தது. இடது கையில் மட்டும் கத்தரிக்கோலைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

"த... த..." என்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்று தெரிந்தது.

மேசைமேல் செம்பில் தண்ணீர் இருந்தது. வெயிலில் நடந்துவந்த களைப்பில் நான் ஒரு மடக்குக் குடித்தேன். பிறகுதான் அவள் செம்பையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். இப்படிக் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் புரையேறிவிடும் என்று முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் கொடுக்கவில்லை.

போதகரைக் கூப்பிடத்தான் வாசலுக்கு வந்தேன். அங்கே நின்றபோது எனக்கு வெள்ளிக்கிழமை முழுதாகத் தெரிந்தது. சபை மொத்தமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும். ஏழு வார்த்தையிலும் இவள் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். ஐந்தாம் வார்த்தையை என்னிடமே திருப்பித் தருவார்கள், ஆனால் ஒருவர் காதும் என் பக்கம் இருக்காது. பேசாமலே அந்த நாளை அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நடுவில் இருந்தது இரண்டே நாள். வெள்ளி மூன்று மணிக்கு ஆராதனை முடியும், மூன்றரைக்கு நானே வந்து பார்த்துக்கொள்வேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

பையில் தியான நோட்டு இருந்தது. ஒரு தாளைக் கிழித்து, நிறுத்தி நிதானமாக எழுதினேன். 'வெள்ளி வரை மௌன விரதம் இருக்கிறேன். யாரும் கதவைத் தட்ட வேண்டாம். ஐந்தாம் வார்த்தையை டீச்சரக்காவே பேசட்டும்.' அவள் மெஷினிலிருந்தே இரண்டு குண்டூசி எடுத்துக் கதவில் குத்தினேன். கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன்.

யாரும் தட்டவில்லை. எங்கள் சபையில் அடுத்தவர் விரதத்தை அவ்வளவு மதிப்போம். போதகரின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போயிருக்கிறார். தாளை வாசித்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பியதாக அவரே பெருமையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை நானும் அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. கத்தரிக்கோலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள், விட்டு விட்டு. பக்கத்து வீட்டம்மா மதில் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மௌன விரதம்னு எழுதியிருக்கு, உள்ளே சத்தம் வருதே டீச்சர்?"

"வாய்க்குத்தானே விரதம், கைக்கு இல்லையே. துணி வெட்டுறா போல," என்றேன்.

"அதானே. அவளுக்கு வேலை பார்க்காம இருக்க முடியாது," என்று உள்ளே போய்விட்டார்.

அன்றே தியானத்தில் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்தேன். தாகத்தில் உதடு எப்படி வெடிக்கும், கண் எப்படித் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு அகலாது என்று. பார்த்ததை எழுதும்போது எழுத்தில் ஒரு உயிர் வருகிறது. இதை மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பெரிய வெள்ளியன்று பதினொரு நிமிடம் பேசினேன். இருபத்தாறு வருடத்தில் அதுதான் என் சிறந்த தியானம். ஒருவர் அழவில்லை. முன்வரிசையில் எங்கள் சபை எலக்ட்ரீஷியன் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, "வெளியே காத்தே இல்ல," என்று முணுமுணுத்தது மேடை வரை கேட்டது.

கடைசியில் போதகர் எழுந்தார். "இன்னைக்கு இங்கே பேசாத ஒருத்தங்கதான் நமக்கு நிறையப் பேசியிருக்காங்க. தனக்குக் கிடைச்ச இடத்தை இன்னொருத்தருக்கு விட்டுட்டு, மௌனமா உட்கார்ந்திருக்காங்களே நம்ம தையல்காரச் சகோதரி, இந்த லெந்து காலத்துல அதைவிடப் பெரிய தியானம் எது?" என்றார். அப்போதுதான் முன்வரிசை அழுதது.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தாளை எழுதியவள் நான். என் எழுத்துக்கு அழுகிறார்கள். அதை நான் சொல்லிக்கொள்ள முடியாது. இருபத்தாறு வருடம் உழைத்தவளுக்கு எப்படி இருக்கும்?

இருந்தாலும் வாக்குத் தவறவில்லை. மூன்றரைக்குப் போனேன், கூச்சல் போட்டேன், ஆள் கூடியது. உயிர் இருந்தது. டாக்டர் மட்டும், "சில மணி நேரத்துலயே கொண்டு வந்திருந்தா பேச்சைக் காப்பாத்தியிருக்கலாம். இப்படியா போட்டு வைப்பீங்க?" என்று எரிந்து விழுந்தார். யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று போதகரின் மனைவி அழுதார். நான்தான் தேற்றினேன்.

ஞாயிறு காலை, உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது, அவள் மகன் வந்து சேர்ந்தான். லாரி ஓட்டுகிறவன். அம்மா வீட்டுக் கதவில் இருந்த தாளைப் பிய்த்துக்கொண்டு நேரே ஆலயத்துக்கே வந்துவிட்டான்.

"இதை யார் எழுதினது?" என்றான்.

"உங்கம்மாதான் தம்பி," என்றார் போதகர்.

"எங்கம்மாவா? அவங்களுக்குத் தன் பேரைக்கூட எழுதத் தெரியாதே ஐயா. ஒரு எழுத்து தெரியாது. வேதம் முழுக்க நான் வாசிக்கக் கேட்டுக் கேட்டு மனசுல வச்சிருக்காங்க."

பிறகு ஒவ்வொருவராக அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்கள். வரிசையாக, கோணாமல், கரும்பலகையில் எழுதின மாதிரி இருந்தது எழுத்து. அங்கே பாதிப் பேர் என்னிடம் எழுதப் பழகியவர்கள்.

போலீஸுக்குச் சொல்லி உங்களை வரவழைத்தது அதற்குப் பிறகுதான். ஆமாம், நான்தான் எழுதினேன். நான்தான் கதவைச் சாத்தினேன். அவள் உயிரோடு கிடந்தது தெரிந்துதான் சாத்தினேன். இவ்வளவையும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன் என்றால், எனக்கு மனசாட்சி இருப்பதால்தான்.

நேற்று நீங்கள் என்னைத் தேடி வருவதற்குச் சற்று முன்புகூட நான் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். கரண்டியில் தண்ணீர் எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. துடைத்துவிட்டேன். அவள் கண் என்னைவிட்டு அகலவில்லை.

குனிந்து, காதருகே, கோபமே இல்லாமல்தான் கேட்டேன்.

"எழுதத் தெரியாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் சொல்லிக் கொடுத்திருப்பேனே?"