இடது முன்சக்கரம்

கார்ச் சக்கரத்தை மாட்டுவதற்குப் போல்ட்டைவிட ஸ்டட் அழகு என்பதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அச்சு முனையில் திருகிவைத்த ஐந்து இரும்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நட்டை முறுக்கினால் முடிந்தது. போல்ட் அப்படியில்லை. கனமான சக்கரத்தை முழங்காலால் தாங்கி, துளைக்கு நேராகத் துளையைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். ஆனால் கழற்றும்போதெல்லாம் போல்ட் முழுதாகக் கைக்கு வருகிறது, தேய்ந்திருந்தால் தெரியும். ஸ்டட்டின் பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணில் படாததை நான் நம்புவதில்லை.

என் கணவன் ஆன்ஸ்கார் நம்புவான். ரேஸ் ஓடுதளத்தை ஒட்டித்தான் எங்கள் பட்டறை. வார இறுதிகளில் வாடிக்கையாளர்கள் கூடி நிற்கும்போது சொல்வான்: "இவ போல்ட் கட்சிங்க. நான் சக்கரத்த மாத்தி, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, சாசேஜும் தின்னு முடிச்சிருவேன். இவ இன்னும் ஓட்டையத் தேடிக்கிட்டிருப்பா."

"விடுப்பா, அப்புறம் வீட்டுல உனக்கு சூப்பு கிடைக்காது," என்பார் கெரோல்ட், பழைய வாடிக்கையாளர். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்களிடையே ஒரு வழக்கம். நட்டை முறுக்கியவர் அதிலிருந்து சக்கரம்வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். அதற்குமேல் வேறு யாரும் அதில் ஸ்பானர் வைப்பதில்லை. வைத்தால், முறுக்கியவரை அவமதித்ததாகிவிடும்.

இந்த வசந்தத்தில் ஆன்ஸ்கார் தன் காருக்கு ஸ்டட் போடச் சொன்னான். "நீயே போடு. உன் கையாலேயே மதம் மாறின மாதிரி இருக்கும்."

போட்டேன். மூன்று சக்கரங்களில் மிகச் சரியாக. இடது முன்சக்கரத்தில் மட்டும் நாலைந்து மரைகளே உள்ளே கடிக்கும்படி விட்டேன். வெளியே ஒரே நீளமாகத் தெரிய, குட்டையான குச்சிகளைத் தேடி எடுத்தேன். பிறகு கோடு இழுத்தேன்.

கழன்று போகவேண்டும் என்பது என் எண்ணமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சக்கரம் ஆட வேண்டும், ஸ்டியரிங் உதற வேண்டும், அவன் மெதுவாகத் திரும்பிவந்து எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவன் ஓடுதளத்தில் இறங்கிய அன்று கெரோல்ட்டின் மகள் ஹென்ரிகே அவன் பக்கத்து இருக்கையில் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்கு அவள் கேட்ட பரிசு அது. "தலை சுத்தினா வாந்தி எடுக்கலாமா?" என்றாள்.

"சீட்டுல மட்டும் வேண்டாம். துடைக்கிறது நான்தான்," என்றேன்.

அவளுக்கு பெல்ட்டை நானே இறுக்கிவிட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன். ஆன்ஸ்கார் எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன, ஸ்டட்டுன்னா இன்னும் பயமா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கதவைச் சாத்தினேன்.

ஓடுதளம் காட்டுக்குள் இறங்கும் இடத்தில் சக்கரம் தனியே போனது. கார் சுழன்று, அவள் இருந்த பக்கமாகத் தடுப்பில் மோதியது. மருத்துவர் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மருத்துவமனையில் ஆன்ஸ்கார் என்னைப் பார்த்ததும் அழுதான். "நீ சொன்னதுதான் சரி. நான் ஸ்டட் போடச் சொல்லியிருக்கவே கூடாது." அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

மறைக்க ஒன்றுமில்லை. செய்தது நான். கெரோல்ட்டைப் பார்த்தால் மட்டும் ஒன்று சொல்லுங்கள். அவர் காரிலும் ஸ்டட்தான் இருக்கிறது; கழற்றிவிட்டு போல்ட்டுக்கு மாறிவிடச் சொல்லுங்கள். அவருக்கு இன்னொரு மகள் இருக்கிறாள்.