பச்சைப் பசை

எனக்கு ஊதுபத்திப் புகை ஒத்துக்கொள்ளாது. மாட்டுங்காவில் எங்கள் ஃப்ளாட்டில் பூஜைக்கு விளக்கு மட்டும்தான். கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இப்படி ஒரு மூக்கா என்று என் மனைவி நாகலக்ஷ்மி கேலி செய்வாள். இந்த மூக்குதான் என்னைப் பசுமை வேதியியல் பக்கம் இழுத்து வந்தது என்று வகுப்பில் சொல்வதுண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நீங்கள் நூர் நிஷாவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற ஜமாலின் மனைவி அவர். பசை ஒட்டுவது அவர் வேலை. கடைப்பசையின் நெடி தலைவலி தருகிறதென்று வாசலில் உட்கார்ந்துதான் ஒட்டுவார். என் எம்.எஸ்ஸி. மாணவர்கள் புளியங்கொட்டையில் பசை காய்ச்சி, டப்பாவில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அந்தப் பட்டறைக்குத்தான் முதலில் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதுல்லா, சார்?" என்றார் ஜமால்.

"பச்சைத் தண்ணின்னு வெச்சுக்கோங்கோ" என்றேன். அன்று அது உண்மை.

பம்பாய் மழை புளியங்கொட்டையை மதிக்கவில்லை. ஜூலையில் பைகளின் வார் கையோடு வந்தது. எங்கள் பாடத்திட்டத்தைப் பார்வையிட ஒரு குழு வரவிருந்தது, பட்டறையையும் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், பழைய சிலபஸ் காலத்து ஹெக்சேன் என்ற கரைப்பான் கேன் கேனாக ஸ்டோரில் கிடந்தது. 'கழிவே இல்லாத ஆய்வகம்' என்று போர்டு மாட்டிவிட்டு அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஹெக்சேனில் ரப்பரைக் கரைத்தால் அருமையாக ஒட்டும். கரைத்தேன். டப்பா அதே, ஸ்டிக்கரும் அதே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மாணவி ஆஸியா ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து, "சார், பெட்ரோல் வாசம் வருதே" என்றாள். கெட்டிக்காரப் பெண். அவளை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றினேன்.

நூர் நிஷாவும் நெடி அடிப்பதாகச் சொன்னாராம். "சாரே பச்சத்தண்ணின்னு சொல்லிட்டாவ, பொறவு என்ன?" என்று ஜமால் அடக்கிவிட்டார். பச்சைத் தண்ணீருக்கு யார் பயப்படுவார்கள்? தோலில் சாரல் படக்கூடாதென்று நூர் நிஷா உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டத் தொடங்கினார். கதவைச் சாத்தும்படி நான் சொல்லவில்லை. குழு வந்தது, வாரை இழுத்துப் பார்த்தது, பாராட்டிவிட்டுப் போனது.

அக்டோபரில் போனபோது நூர் நிஷா என்னிடம், "நடக்கையில செருப்பு கழண்டு போறதே தெரிய மாட்டேங்கு, சார்" என்றார். ஹெக்சேன் ஆவி நரம்பைக் கால்விரலில் பிடித்து மேலே ஏறும். நானே நடத்துகிற பாடம்; பரீட்சையிலும் கேட்பேன். வைட்டமின் குறைச்சலாக இருக்கும் என்று சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஸ்டோரில் இன்னும் மூன்று கேன் பாக்கி இருந்தது.

இப்போது அவரைத் தூக்கித்தான் உட்கார வைக்கிறார்களாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன், கடைசி கேன் தீரும்வரை கொடுத்தேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் உங்கள் அறிக்கையில் 'ஆய்வகக் கழிவு' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போனதில்லை.